எல்லாத்துக்கும் ஆகிற தோட்டா

மைசூர் அக்ரஹாரத்தில் பஞ்சவர்ணத்தின் மாவு மில்லுக்கு ராகி அரைக்க வரும் பெண்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். மெஷின் ஓடும்போது அவள் கத்தினால் பயப்பட வேண்டியதில்லை. அது அவளுடைய சாதாரணப் பேச்சு. பெல்ட்டும் கல்லும் போடுகிற இரைச்சலுக்கு மேலே "இந்த டப்பா யாருது?" என்றும், "மிளகாய் அரைச்ச கல்லுல கோதுமை போட மாட்டேன், நாளைக்கு வா" என்றும் வருஷக்கணக்காகக் கூவிக் கூவி அவள் தொண்டை அப்படி ஆகிவிட்டது. அவள் சுவிட்சை அணைத்தால்தான் பயப்பட வேண்டும். கல் நின்று, பெல்ட் நின்று, மாவுத்தூசி மெல்லக் கீழே இறங்கும்போது தாழ்ந்த குரலில் ஒரு வார்த்தை சொல்வாள். அதை வாங்கிக்கொண்டவர்கள் மறுநாள் வேறு மில்லைத் தேடிப் போய்விடுவார்கள்.

தொண்ணூற்றாறிலும் தொண்ணூற்றேழிலும் அந்த மெஷின் அப்படி நின்றதெல்லாம் ஒரே ஆளுக்காகத்தான். அவள் கணவன் கிருஷ்ணராஜுக்காக. காரணமும் ஒன்றே. ஒரு துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா நல்லது என்று அவனால் முடிவு செய்ய முடியவில்லை. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும், அவளுக்கு வரவில்லை.

கதையை நிலத்திலிருந்து சொல்ல வேண்டும். கொள்ளேகால் தாலுகாவில், கௌதள்ளிக்கு வெளியே, காட்டை ஒட்டினாற்போல, பஞ்சவர்ணத்தின் அப்பா விட்டுப்போன மானாவாரி நிலம் ஒன்று இருக்கிறது. அக்காவுக்கும் தங்கைக்கும் பொது. தங்கை பஞ்சவர்ணம் கல்யாணமாகி மைசூருக்கு வந்துவிட்டாள். அக்கா மாதம்மா புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டாள். அந்த நிலத்தில் விளைகிற நிலக்கடலைதான் மாதம்மாவுக்குச் சோறு, துணி, வைத்தியம் எல்லாம். காட்டுப்பன்றிகளுக்கும் அந்தக் கடலை பிடிக்கும். காய் பிடிக்கிற பருவத்தில் கூட்டமாக இறங்கி, மூக்கால் மண்ணைக் கிளறி, ஏர் ஓட்டின மாதிரி ஆக்கிவிட்டுப் போகும். மாதம்மா பரண் மேல் உட்கார்ந்து தகரத்தைத் தட்டுவாள். முதலில் பன்றிகள் பயந்தன. அப்புறம் தகரம் அவற்றுக்குப் பழகிவிட்டது.

"ஒரு துப்பாக்கி இருந்தாப் போதும் அம்மிணி," என்று மாதம்மா ஒருமுறை மைசூருக்கு வந்தபோது சொன்னாள். "பன்னிய ஆரு சுடப்போறா? மானத்தப் பாத்து ஒரு வெடி வெடிச்சாக் காட்டுக்குள்ள ஓடிப்போயிரும். எனக்குச் சத்தந்தான் வேணும்."

சத்தம்தான் வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மற்றதெல்லாம் ஆண்பிள்ளைகள் சேர்த்தது.

மாதம்மா போய்க் கேட்டால் லைசென்ஸ் கிடைக்காது. காட்டுக்குள் ஒருவனைத் தேடிப் போலீஸ் அலைந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் பக்கத்துத் தமிழர்கள் ஸ்டேஷன் வாசலில் நின்று துப்பாக்கி என்ற வார்த்தையை உச்சரிக்கவே யோசிப்பார்கள். அதனால் பஞ்சவர்ணம் மைசூரில் மனுப் போட்டாள். கொள்ளேகால் தாலுகா அப்போது மைசூர் மாவட்டத்தில்தான் இருந்தது. மத்தியானம் மில்லைச் சாத்திவிட்டு, தலைமுடியில் ஒட்டிய மாவைக்கூடத் தட்டாமல் டி.சி. ஆபீசுக்கு, அதாவது கலெக்டர் ஆபீசுக்கு, ஓடினாள். கொள்ளேகாலுக்கு பஸ் ஏறினாள். நிலத்துப் பத்திரத்துக்கு நகல் எடுத்தாள், ஸ்டேஷனில் கால் கடுக்க நின்றாள். புருஷன் பெயரில் போடம்மா, சீக்கிரம் ஆகும் என்று ஆபீசில் சொன்னார்கள். கிருஷ்ணராஜ் ஒரு கூட்டுறவு சங்கத்தில் குமாஸ்தா. மாதச் சம்பளக்காரன், மேலே ஒரு கேஸ் கிடையாது. சரி என்று அவன் பெயரிலேயே போட்டாள். பயிரைக் காவல் காக்கிறவள் என்று மாதம்மாவின் பெயரையும் அதில் சேர்க்க வைத்தாள். அதற்குத் தனியாகச் சண்டை போட வேண்டியிருந்தது.

இவ்வளவு நடக்கும்போது கிருஷ்ணராஜ் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டதோடு சரி. தொண்ணூற்றாறு சிவராத்திரி முடிந்த கையோடு லைசென்ஸ் கைக்கு வந்தது. ஒரு துப்பாக்கி வாங்கிக்கொள்ளலாம். இன்ன துப்பாக்கி என்பதை வாங்கிய பிறகு அதில் ஏற்றிக்கொடுப்பார்கள். ஆனால் குறிப்பிட்ட கெடுவுக்குள் வாங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் லைசென்ஸ் செல்லாது. பஞ்சவர்ணம் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். கிருஷ்ணராஜ் அதைக் கையில் எடுத்துப் படித்தான். படித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தவன் வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. அன்றைக்குப் பிடித்தது சனி.

அவனுடைய அப்பா ஒரு காப்பி எஸ்டேட் முதலாளிக்கு ஜீப் ஓட்டியவர். வேட்டைக்குத் தடையில்லாத அந்தக் காலத்தில் முதலாளியின் ரைஃபிளைச் சின்னப் பையன் கிருஷ்ணராஜ் ஒருநாள் மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் உட்கார்ந்திருக்கிறான். அவ்வளவுதான் அவனுக்கும் துப்பாக்கிக்கும் உள்ள சம்பந்தம். வாழ்க்கையில் ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. ஆனால் அந்த எண்ணெய் வாசனை அவன் மூக்கைவிட்டுப் போகவில்லை போலிருக்கிறது.

"வர்ணம், ஒரு மனுஷனுக்கு வாழ்நாள்ல ஒரே ஒரு சான்ஸ்தான் கிடைக்கும்," என்றான். "ஏதோ ஒரு துப்பாக்கிய வாங்கி அத வீணடிக்கக் கூடாது. ஒரே ரைஃபிள். முயல்லேருந்து காட்டெருமை வரைக்கும் எல்லாத்துக்கும் ஆகணும்."

"கடலைக்காட்டுக்கு ஆனாப் போதுங்க," என்றாள் அவள்.

அவன் காதில் அது விழவில்லை. அப்போதே பசவராஜின் கடைக்குக் கிளம்பிவிட்டிருந்தான்.

பசவராஜ் துப்பாக்கிக் கடை வைத்திருந்தார். கடைக்குள் ஒரு நீள பெஞ்சு. சாயங்காலமானால் அதில் நாலைந்து பேர் வந்து உட்காருவார்கள். பட்டாளத்திலிருந்து ரிட்டயர் ஆனவர்கள், பழைய எஸ்டேட் ஆட்கள், சும்மா கேட்க வருகிறவர்கள். நாட்டில் வேட்டை ஒழிந்து எத்தனையோ காலமாகிவிட்டது. மானைச் சுட்டால் ஜெயில். ஆனால் அந்த பெஞ்சில் மட்டும் தினசரி ஒரு கடமான் விழுந்துகொண்டிருந்தது.

அந்த பெஞ்சில்தான் கிருஷ்ணராஜின் ரைஃபிள் உருவானது, அதாவது பேச்சில். கடையில் தொங்குகிற துப்பாக்கி எதுவும் ஆகாது. பழைய ஜெர்மன் ரைஃபிள் ஒன்றின் நடுப்பாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குப் புதுக் குழல் பொருத்தி, தன் தோளுக்கும் கைக்கும் அளவெடுத்துக் கட்டை செதுக்கி, தனக்கென்றே ஒரு ரைஃபிள் கட்ட வேண்டும். குழலை எந்தத் தோட்டாவுக்கு வெட்டுகிறார்களோ அந்தத் தோட்டாவைத்தான் அது ஆயுசுக்கும் ஏற்கும், வேறெதையும் ஏற்காது. ஆகவே முதலில் தோட்டாவைத் தீர்மானிக்க வேண்டும். அங்கேதான் அவன் உட்கார்ந்துவிட்டான்.

முதலில் த்ரீ ஃபிஃப்டீன் என்றான். நம் நாட்டிலேயே செய்கிற தோட்டா, எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். கொஞ்ச நாள் வீடு முழுக்க த்ரீ ஃபிஃப்டீன்தான். பிறகு பெஞ்சில் யாரோ, அந்தக் குண்டு தூரம் போகப் போகக் கீழே இறங்கிவிடும் என்றார்கள். உடனே தர்ட்டி நாட் சிக்ஸ். உலகத்திலேயே எல்லாத்துக்கும் ஆகிற தோட்டா அதுதான், லேசான குண்டு மானுக்கு, கனமான குண்டு பெரிய மிருகத்துக்கு என்று சாப்பிடும்போது சோற்றை விட்டுவிட்டு விளக்கினான். பிறகு அது இங்கே ஒழுங்காகக் கிடைக்காதே என்று கவலைப்பட்டு செவன் எம்.எம். பக்கம் போனான். அதுவும்தான் கிடைக்காது, ஆனால் தோளில் இடிக்காதாம். பிறகு எதிரே காட்டெருமை வந்துவிட்டால் என்ன செய்வது என்று த்ரீ செவன்ட்டி ஃபைவ். பெஞ்சில் இருந்த ஒருவரும் இதில் தப்பு காணவில்லை. தலையாட்டினார்கள். பஞ்சவர்ணம்தான் கேட்டாள்.

"ஏனுங்க, உங்க சங்கத்துல காட்டெருமை லோன் கேட்டு வருதுங்களா?"

அவன் சிரித்தான். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திட்டினால் சிரிப்பான், கத்தினால் காப்பி போட்டுக்கொண்டுவந்து வைப்பான். அக்கம்பக்கத்தில் சொல்லி அழலாம் என்றால், குடிக்கிறாரா, இல்லை. அடிக்கிறாரா, இல்லை. சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுக்கிறார், பின்னே உனக்கு என்ன குறை என்று அவளையே திருப்பிக் கேட்டார்கள். பெங்களூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் மோகனப்ரியாகூட, "அப்பாவுக்கு ஒரே ஒரு ஆசை, விடும்மா" என்று எழுதினாள். ஒரு நல்லவனால் இன்னொருத்தியின் பிழைப்பு கெட்டுப்போகிறது என்று சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. அவள் கோபம் யாரும் ஏற்றுக்கொள்ளாத கோபமாக வீட்டுக்குள்ளேயே சுற்றிவந்தது.

அந்தச் சமயத்தில் கட்டை வேறு வந்து சேர்ந்தது. ரைஃபிளின் அடிக்கட்டைக்கென்று காஷ்மீர் வால்நட் மரம். பெஞ்சுக்காரர் ஒருவர் வரவழைத்துக் கொடுத்தது. குழல் இல்லை, தோட்டா இல்லை, துப்பாக்கியே இல்லை, ஆனால் கட்டை மட்டும் பழைய வேட்டியில் சுற்றி பீரோ மேல் படுத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் கிருஷ்ணராஜ் அதை இறக்கி, மடியில் வைத்து, ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பான். பச்சைக் குழந்தைக்குத் தேய்க்கிற மாதிரி தேய்ப்பான். மரத்துக்குள் ஓடுகிற ரேகைகளைக் காட்டி, "பாரேன் வர்ணம், தேன் மாதிரி இருக்கு" என்பான். அவள் பார்க்க மாட்டாள். அந்த எண்ணெய் பீரோவுக்குள் இறங்கி அவளுடைய கல்யாணப் பட்டில் திட்டாகப் படிந்தது. அதற்கும் வருத்தப்பட்டான். வருத்தப்படுவதில் அவனுக்குக் குறையே கிடையாது.

கெடு முடிய வந்தபோது பஞ்சவர்ணம் மில்லைச் சாத்திவிட்டு நேராகப் பசவராஜின் கடைக்குப் போனாள். சாயங்கால நேரம். பெஞ்சு நிறைந்திருந்தது, நடுவில் கிருஷ்ணராஜ். அவள் பெஞ்சைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அண்ணா, கடலைக்காட்டுல பன்னி வெரட்டோணும். அதுக்கு என்னங்க இருக்குது?" என்று பசவராஜிடம் கேட்டாள்.

பசவராஜ் யோசிக்கவே இல்லை. சுவரில் இருந்து ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கியை எடுத்து கவுண்டர் மேல் வைத்தார். "ட்வெல்வ் போர். இதுக்கு மேல ஏனும் பேடம்மா, ஒண்ணும் வேண்டாம்," என்றார். கன்னடக்காரர், ஆனால் தமிழ் பேசுவார்.

"இது எதெதுக்கு ஆகும்?"

"சின்ன ரவைத் தோட்டா போட்டா காடைக்கு. பெரிய ரவை போட்டா பன்னிக்கு. ஒத்தைக் குண்டு போட்டா இன்னும் பெருசுக்கு. துப்பாக்கி ஒண்ணுதான், தோட்டாவ மாத்திக்கிட்டே இருக்கலாம்."

"சத்தம்?"

"ஊரே எந்திரிச்சு உக்காரும்."

பஞ்சவர்ணம் இப்போதுதான் பெஞ்சுப் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா? எல்லாத்துக்கும் ஆகுமாம்."

பெஞ்சில் ஒருவர் செருமினார். ஒருவர் கூரையைப் பார்த்தார். கிருஷ்ணராஜ் சின்னக் குழந்தைக்குச் சொல்கிற பொறுமையோடு சொன்னான். "அது ரைஃபிள் இல்ல வர்ணம்."

"ரைஃபிள் ஆரு கேட்டா?"

"இத வாங்கினா இந்த நம்பர் லைசென்ஸ்ல ஏறிடும். அப்புறம் என் ரைஃபிளுக்கு எடமே இல்லாமப் போயிடும். கொஞ்சம் பொறு. கெடுவ நீட்டித் தரச் சொல்லிக் கேக்கலாம். எல்லாரும் கேக்கறாங்க, குடுக்கறாங்க."

"அண்ணா, நீங்க கட்டுங்க. நான் எடுத்துட்டுப் போறேன்," என்றாள் அவள் பசவராஜிடம்.

பசவராஜ் தலையைச் சொறிந்தார். "அவரு பேர்ல இருக்கேம்மா. அவரு கையெழுத்து இல்லாம நான் குடுக்க முடியாது." துப்பாக்கியை எடுத்து மறுபடி சுவரில் மாட்டினார்.

ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவள் அவள். பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே கொள்ளேகாலுக்குப் போனவள் அவள். நிலம் அவளுடையது. கவுண்டர் மேல் வைத்த சாமானைத் தொட மட்டும் அவளுக்கு உரிமை இல்லை. மில்லுக்குத் திரும்பிவந்து மெஷினைப் போட்டு, கல்லை இறுக்கு இறுக்கு என்று இறுக்கினாள். அன்று மாவு கை சுடும்படி விழுந்தது. "ஏன்க்கா, கல்லு தேஞ்சிடப் போகுது," என்று ராகி அரைக்க வந்த லிங்கம்மா சொல்லிப் பார்த்தாள். தேயட்டும் என்றாள் பஞ்சவர்ணம்.

அந்தத் தசரா முடிந்து மாதம்மா கௌதள்ளியிலிருந்து ஒரு சாக்கில் கடலை கொண்டுவந்தாள். பாதி பிஞ்சு. மீதி பன்றி தின்றது போக மண்ணில் பொறுக்கியது. யாரையும் அவள் குறை சொல்லவில்லை. "வாங்கறப்ப வாங்கட்டும், அவரும் பாவம் என்ன பண்ணுவாரு," என்றாள். கிருஷ்ணராஜ் ஒரு கடலையை உடைத்து வாயில் போட்டு, "ருசி அபாரம்க்கா," என்றான். பஞ்சவர்ணம் எழுந்து உள்ளே போய்விட்டாள். அங்கேயே இருந்திருந்தால் அந்தச் சாக்கைத் தூக்கி அவன் தலையில் கவிழ்த்திருப்பாள்.

கெடு நீண்டது. அது முடியும்போது மறுபடி நீண்டது. தன் பெயரில் தனியாக ஒன்று கேட்டால் என்ன என்று அவள் ஆபீசில் விசாரித்தாள். அதே நிலத்துக்கு ஒன்று கையில் இருக்கும்போது இன்னொன்று எப்படிம்மா தருவது என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவளைச் சுற்றி எல்லோரிடமும் நியாயம் இருந்தது. அதனால்தான் அவளுக்கு அவ்வளவு ஆத்திரம்.

தொண்ணூற்றேழு ஆவணியில், கடலை காய் பிடிக்கிற நேரத்தில், எதிர்வீட்டு போனுக்குச் செய்தி வந்தது. மாதம்மா தகரம் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, பன்றிகள் அசையாததால் பரணைவிட்டு இறங்கிப் போயிருக்கிறாள். ஒரு கிழட்டு ஆண் பன்றி திரும்பிவிட்டது. தொடை கிழிந்து எலும்பு தெரிந்ததாம். யாருடைய வேனிலோ போட்டு மைசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். கால் தப்பும், ஆனால் முட்டி இனிமேல் மடங்காது என்று டாக்டர் சொன்னார். பஞ்சவர்ணம் கட்டிலோரம் உட்கார்ந்து அக்காவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாதத்தில் இன்னும் செம்மண் ஒட்டியிருந்தது.

கிருஷ்ணராஜ் ஆபீஸ் விட்டதும் ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு ஓடிவந்தான். மாதம்மாவைப் பார்த்ததும் கண் கலங்கினான். நிஜமாகவே கலங்கினான், அதில் பொய் இல்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"அக்கா, அது எவ்வளவு பெருசு இருக்கும்?"

மாதம்மா வெள்ளந்தியாகக் கையை உயர்த்திக் காட்டினாள். "இந்த ஒசரம் இருக்குமுங்க மாப்ள."

"நேரா வந்துச்சா, பக்கவாட்டுல வந்துச்சா?"

"நேராத்தானுங்."

கிருஷ்ணராஜ் கண்ணை மூடி ஏதோ கணக்குப் போட்டான். பிறகு தலையை ஆட்டிக்கொண்டே, தனக்குள் சொல்கிற மாதிரி சொன்னான். "அப்ப த்ரீ ஃபிஃப்டீனே போதும் போலிருக்கு."

வார்டில் மெஷின் எதுவும் ஓடவில்லை, ஆனாலும் பஞ்சவர்ணத்தின் குரல் அதல பாதாளத்துக்கு இறங்கிவிட்டது. அவன் சட்டைக் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். "நாளைக்குக் காத்தால லீவு போடறீங்க. அந்த ஒத்தைக்குழல் துப்பாக்கிய வாங்கறீங்க. வாங்கலீன்னா நான் உங்க ஊட்டு வாசல மிதிக்க மாட்டன்." அவன் அவள் முகத்தைப் பார்த்தான். முதல் தடவையாகச் சிரிக்கவில்லை. சரி என்றான்.

மறுநாள் காலையில் பசவராஜ் லைசென்ஸைக் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். திருப்பியும் பார்த்தார். "டைம் ஆகோய்த்தம்மா," என்றார். கெடு அந்த ஆகஸ்டோடு முடிந்திருந்தது. ஆபீசில் போய்ப் புதுப்பித்துக்கொண்டு வந்தால் உடனே கட்டித் தருகிறேன் என்றார்.

டி.சி. ஆபீஸ் குமாஸ்தா லைசென்ஸைப் பார்க்கவே இல்லை. நிலம் எங்கே என்று மட்டும் கேட்டார். கௌதள்ளி என்றதும் கையை விரித்தார். சுதந்திர தினத்தன்று மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தாகிவிட்டது. கொள்ளேகால் பக்கமெல்லாம் இப்போது சாமராஜநகர் மாவட்டம். நிலம் அங்கே இருக்கிறது, இதுவும் காலாவதியாகிவிட்டது. இனிமேல் அங்கே போய் முதலிலிருந்து புது மனுப் போட வேண்டும். அவர் மரியாதையாகத்தான் சொன்னார்.

ஒன்றரை வருஷத்தில் ஏதாவது ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்த ஆள் அந்த பெஞ்சிலிருந்து எழுந்து கவுண்டருக்கு நடந்திருந்தால் போதும். துப்பாக்கி மாதம்மாவின் பரணில் இருந்திருக்கும். மாதம்மாவின் முட்டி மடங்கியிருக்கும். பஞ்சவர்ணம் ஆபீஸ் படியில் இறங்கி நின்றாள். யாரைத் திட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. மாவட்டத்தைத் திட்ட முடியாது.

கிருஷ்ணராஜ் பக்கத்தில் வந்து நின்று அவள் தோளைத் தொட்டான்.

"விடு வர்ணம். ஒரு வகையில நல்லதுதான். புது லைசென்ஸ் வர்றதுக்குள்ள, அவசரமில்லாம, எந்தத் தோட்டான்னு நிதானமா முடிவு பண்ணிடலாம்."

அவள் அவன் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு ரோட்டைக் கடந்தாள். கோபத்துக்கு வார்த்தை வேண்டியிருக்கிற கட்டத்தை அவள் தாண்டிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து ஸ்டூலைப் போட்டு ஏறி, பீரோ மேலிருந்து அந்தக் கட்டையை இறக்கினாள். வேட்டியோடு இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தெருக்கோடியில் தச்சுப் பட்டறை வைத்திருந்த லிங்கப்பனிடம் போனாள். ஊன்றி நடக்க ஒரு தடி வேண்டும், மேலே பிடி நன்றாக அகலமாக வேண்டும், கை வழுக்கக் கூடாது என்றாள். லிங்கப்பன் வேட்டியைப் பிரித்தான். கட்டையை வெளிச்சத்தில் பிடித்துத் தடவிப் பார்த்தான்.

"என்ன மரம்க்கா இது? இந்த மாதிரி நான் அறுத்ததே இல்ல. பாத்தா மனசு வரலியே."

"எனக்கு மனசு வருது. அறு," என்றாள்.

அவன் வாள் போட்டான். எண்ணெய் ஊறிய மரத்தூள் கருந்தேன் நிறத்தில் அவள் காலடியில் விழுந்தது. தடி முடிகிறவரை அவள் உட்காரவில்லை. நுனியில் ரப்பர் போடச் சொல்லி, தரையில் இரண்டு தரம் குத்திப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

மாதம்மாவை டிஸ்சார்ஜ் செய்தபோது கடலை பறிக்க இன்னும் நாள் இருந்தது. இனிமேல் நிலத்தை யாருக்காவது குத்தகைக்கு விட்டுவிட வேண்டியதுதான், இந்தக் காலோடு பரண் ஏற முடியாது என்று மாதம்மா அழுதாள். "ஏற வேண்டாம். நான் ஏறறன்," என்றாள் பஞ்சவர்ணம். மில்லைப் பூட்டினாள். காத்திருந்த பெண்களிடம் வேறு மில்லைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு வழியனுப்பக் கிருஷ்ணராஜ் வந்தான். கையில் முறுக்கும் தண்ணீர் பாட்டிலும் வைத்திருந்தான். மாதம்மா தடியை ஊன்றி பஸ் படியில் ஏறியபோதுதான் அதைக் கவனித்தான். கவனித்தவன் அப்படியே நின்றான். தேன் நிறத்தில் ரேகை ஓடிய மரம் வெயிலில் பளபளத்தது.

"வர்ணம், அது என் கட்டை."

"ஆமாங்க."

"வால்நட் அது. காஷ்மீர்லேருந்து..." அக்கா கிழிந்து கிடந்தபோது கலங்கிய அதே கண் இப்போதும் கலங்கியது. அதே அளவுதான் கலங்கியது. பஞ்சவர்ணம் அதைப் பார்த்துக்கொண்டாள்.

"நல்ல கட்டைங்க," என்றாள். பஸ்ஸின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் அவள் குரலை உயர்த்தவில்லை. "ஊனி நடக்கலாம். நாய வெரட்டலாம். தகரம் தட்டலாம். எல்லாத்துக்கும் ஆகுது."

கண்டக்டர் விசில் ஊதினான். கிருஷ்ணராஜ் ஜன்னலோரமாகக் கூடவே நடந்துவந்தான். "நீ எப்ப திரும்பி வருவே?"

"தோட்டா எதுன்னு முடிவு பண்ணிட்டு ஒரு கார்டு போடுங்க. வர்றன்."

அந்த வருஷம் கௌதள்ளியில் மாதம்மாவின் காட்டில் மிச்சமிருந்த கடலை முழுசாக வீட்டுக்கு வந்தது. பரண் மேலிருந்து பஞ்சவர்ணம் போட்ட சத்தத்தில் பன்றிகள் மட்டுமல்ல, பக்கத்துக் காட்டுக்காரர்களும் தூங்கவில்லை என்று சொன்னார்கள். மாவு மெஷினுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை அது. அவ்வளவு நாள் வீட்டுக்குள் அடைந்துகிடந்த கோபமெல்லாம் அங்கே திறந்த வெளியில் அவளுக்குக் கைகொடுத்தது. அடுத்த விதைப்புக்கும் அவள் அங்கேயே இருந்துவிட்டாள். சாமராஜநகரில் புது மனுவும் போட்டாள், இந்தத் தடவை தன் பெயரில்.

கார்டு வரவில்லை. தை பிறந்த பிறகு ஒருநாள் லிங்கம்மா துப்பாக்கிக் கடைப் பக்கம் போனவள் பசவராஜிடம் விசாரித்திருக்கிறாள். கிருஷ்ணராஜ் பெஞ்சுக்கு தினமும் வருகிறாராம், இப்போது கொஞ்சம் செவன் எம்.எம். பக்கம் சாய்ந்திருக்கிறாராம்.